இஞ்சியும் ஜிஞ்சரும்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க மேடையில் பேசிய பெரியவர் ஒருவர், ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை தமிழிலிருந்து கடல் கடந்து சென்றவையே என்று முழங்கியதும், நாம் எல்லோரும் கைதட்டி ஆரவாரித்ததும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். நானும் தட்டினேன். சர்க்கரைப் பொங்கலின் இனிப்பு நாவில் இருக்கும்போது எவர்தாம் தட்டமாட்டார்? ஆனால் அந்தக் கைதட்டல் ஒரு மாதங் கழித்து என் வீட்டுக்கே வந்து என்னைக் கேள்வி கேட்டது.

என் மகள் இவ்வூர்ப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பில் பயில்கிறாள். பிறந்ததும் வளர்ந்ததும் நாகபுரியில்தான். தெருவில் மராத்தியும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறாள். தமிழ் அவளுக்கு வீட்டிலும், நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் கிடைக்கும் மொழி. அவளுடைய ஆங்கில ஆசிரியை, ஏதேனும் ஒரு செடியின் ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொண்டு அப்பெயர் பிறந்த கதையைக் கூறும்படி மாணவியரைப் பணித்திருக்கிறார். ஒரு பெண், ‘டெய்சி’ என்பது பகலின் கண் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்றாள். இன்னொருத்தி, ‘டான்டிலயன்’ என்பது சிங்கத்தின் பல் என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் என்றாள். என் மகள் எழுந்து, ‘ஜிஞ்சர்’ என்பது எங்கள் இஞ்சிதான் என்றாளாம்.

வகுப்பு சிரித்திருக்கிறது. எல்லாவற்றையும் தங்களுடையது என்று சொல்வதே மதராசிகளின் வழக்கம் என்று ஒரு பெண் கூறினாளாம். ஆசிரியை சிரிக்கவில்லை, அகராதியைப் புரட்டிப் பார்த்து, இது ‘சிருங்கவேரம்’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது, கொம்பு போன்ற உடலை உடையது என்பது அதன் பொருள் என்று விளக்கியிருக்கிறார். மாலையில் வீடு திரும்பியவள் பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு, “மேடையில் அந்தத் தாத்தா சொன்னது பொய்யா அப்பா? இனிமேல் நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகமாட்டேன்” என்றாள். நான் இஞ்சி தின்ற குரங்குபோல விழித்தேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு புகைவண்டி இலாகாவின் பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக அமர்ந்தவன் நான். சொல்லாராய்ச்சி எனக்குரிய தொழிலன்று. ஆயினும், ஒரு மூட்டை எங்கே ஏற்றப்பட்டது, எந்தெந்தச் சந்திப்பில் வண்டி மாறியது, எங்கே அதன் சீட்டுக் கிழிந்தது என்று பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிப்பது எனக்குப் பழக்கமான வேலை. அதே முறையில் இந்தச் சொல்லையும் தேடிப் பார்ப்போம் என்று துணிந்தேன். விடுமுறை நாட்களில் நூலகத்திலும், இரவுகளில் கைப்பேசியிலுமாகத் தேடினேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இன்று கைப்பேசியிலேயே படிக்கக் கிடைக்கிறது என்பதைச் சில அன்பர்கள் அறியாதிருக்கலாம்; ஆதலின் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஆங்கிலத்திலிருந்தே தொடங்குவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கில மருத்துவச் சுவடிகளில் இப்பொருள் ‘ஜிஞ்ஜிஃபர்’ என்பது போன்ற உருவில் காணப்படுகிறது. பின்னர் பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் அவர்களுடைய ‘ஜிஞ்ஜிவ்ர்’ என்னும் வடிவம் வந்து கலந்தது. இவ்விரண்டும் தேய்ந்தே இன்றைய ‘ஜிஞ்சர்’ ஆயிற்று. பிரெஞ்சில் இன்று ‘ஜஞ்ஜாம்ப்ர்’, ஸ்பானியத்தில் ‘ஹெங்கிப்ரே’, இத்தாலியத்தில் ‘ஜென்ஜெரோ’ என்று வழங்குகின்றனர். இவற்றிற்கெல்லாம் தாய் இலத்தீன் மொழியின் ‘ஜிங்கிபெர்’. 1807-இல் வில்லியம் ராஸ்கோ என்னும் தாவரநூலார் இச்செடிக்கு இட்ட அறிவியற் பெயரின் முதற்பகுதியும் இதே ‘ஜிங்கிபெர்’தான். இலத்தீன் இதனைக் கிரேக்கத்திடம் பெற்றது. கிரேக்கர் ‘ஜிங்கிபெரிஸ்’ என்றனர்.

இந்தச் சந்திப்பில் சற்று இறங்கி நின்று பார்ப்பது தகும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த டயாஸ்கோரிடஸ் என்னும் கிரேக்க மருத்துவர் இஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். அது விரைவில் கெட்டுவிடுவதால் மண் சாடிகளில் ஊறப்போட்டு இத்தாலிக்குக் கொண்டுவருகின்றனர் என்றும், ஊறிய நீரோடு சேர்த்தே உண்ணுகின்றனர் என்றும் குறிப்பிடுகிறார். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியன்றோ இது! அதே நூற்றாண்டில் உரோம நாட்டில் வாழ்ந்து, 79-ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர் துறந்த பிளினி என்னும் அறிஞரோ விலைப் பட்டியலே தருகிறார். ஓர் இராத்தல் இஞ்சிக்கு ஆறு தினாரியம், கருமிளகுக்கு நான்கு, வெண்மிளகுக்கு ஏழு, திப்பிலிக்குப் பதினைந்து. இஞ்சி மிளகுக் கொடியின் வேர் என்று சிலர் எண்ணிய காலம் அது. அவ்வாறன்று என்று அவர் திருத்துகிறார். எளிதில் உளுத்துப்போகும் சரக்கு என்றும் எச்சரிக்கிறார். எங்கள் பார்சல் ஆபீசில் இருந்திருந்தால் நல்ல குமாஸ்தாவாக விளங்கியிருப்பார்.

ஆனால் அவரும் ஓரிடத்தில் தவறினார். இஞ்சி அரபு நாட்டிலும் அதற்கு எதிர்க்கரையிலும் விளைவதாக எழுதிவிட்டார். மூட்டை கடைசியாக வண்டி மாறிய சந்திப்பையே அது புறப்பட்ட ஊர் என்று கொள்வது எங்களிடமும் அடிக்கடி நேரும் பிழை. செங்கடல் வணிகர்கள் கைமாற்றிக் கொடுத்ததால், சரக்கு அவர்களுடையது என்றே உரோமர் நம்பினர்.

அரபியரிடம் இச்சொல் ‘ஸஞ்சபீல்’ என்று வழங்கியது. திருக்குர்ஆனில் சுவர்க்கத்துப் பானம் ஒன்றில் கலந்திருக்கும் பொருளாக இப்பெயர் காணப்படுகிறது. இன்னொரு கிளை வடக்கே ஜெர்மானிய நாடுகளுக்குச் சென்றது. அங்கே முதலெழுத்தை இழந்து ‘இங்வர்’ ஆயிற்று. சுவீடனில் ‘இங்ஙெஃபேரா’ ஆயிற்று. அங்கிருந்து பின்லாந்துக்குப் போய் ‘இன்கிவேரி’ என்று நிற்கிறது. இதைக் கண்டதும் நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். இன்கிவேரி! பனி மூடிய பின்லாந்தில் அச்சு அசலாக நம் இஞ்சிவேர்! மறுநாளே சங்கத்தில் சொல்லிப் பெருமை கொள்ள எண்ணினேன். நல்லவேளையாக அடுத்த பக்கத்தையும் படித்தேன். அந்த ஒற்றுமை தற்செயலானது. முதலெழுத்து ஐரோப்பாவிற்குள் உதிர்ந்ததே ஒழிய, அச்சொல் நம்மிடமிருந்து நேரே அங்குப் போகவில்லை. ஒலி ஒத்திருக்கிறது என்ற ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டு உறவு கொண்டாடக் கூடாது என்று அன்றிரவே தெளிந்தேன். மேடையில் பேசிய பெரியவருக்கு இந்த அடுத்த பக்கம் கிட்டவில்லை போலும்.

இனிக் கிரேக்கத்திற்கு முந்திய நிலையத்திற்கு வருவோம். கிரேக்கரின் ‘ஜிங்கிபெரிஸ்’ இந்தியாவிலிருந்து போனது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பாலி மொழியில் இதன் பெயர் ‘சிங்கிவேர’. பௌத்த நூல்களில் இது காணப்படுகிறது. கிரேக்கச் சொல் இவ்வடிவத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்து வருகிறது. வடமொழியில் இதுவே ‘சிருங்கவேர’ என்று நிற்கிறது. ‘சிருங்கம்’ என்றால் கொம்பு. மான் கொம்புபோலக் கிளைத்திருக்கும் கிழங்கு ஆகையால் இப்பெயர் என்று விளக்கம் கூறுவர். ஆசிரியை படித்துக் காட்டியதும் இதைத்தான். அவர் மேல் குற்றமில்லை. பல ஆங்கில அகராதிகளும் நெடுங்காலம் இவ்வளவோடு நின்றுவிட்டன.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. காய்ந்த இஞ்சித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் கொம்புபோலவே தோன்றும். ஆனால் ‘சிருங்க’ என்பதற்குப் பொருள் கிடைத்தாலும், பின்னால் நிற்கும் ‘வேர’ என்பதற்கு என்ன செய்வது? உடல் என்னும் பொருள் அதற்கு நிகண்டுகளில் மட்டுமே உண்டு. இலக்கிய வழக்கில் அதைக் காண்பதரிது. சொல்லைப் பிரித்துக் காட்டுவதற்காகவே கற்பித்த பொருள்போலத் தோன்றுகிறது.

இதனை முதலில் ஐயுற்றவர்களுள் இருவர் ஆங்கிலேயர். கர்னல் யூல், பர்னல் என்னும் அவ்விருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதி, கொம்பு என்னும் விளக்கம் கற்பனையே என்றும், வேற்றுச் சொல் ஒன்றை அவ்விளக்கத்திற்கு ஏற்பத் திரித்துக்கொண்டனர் போலும் என்றும் கூறி, மலையாளத்து ‘இஞ்சிவேர்’ என்பதைச் சுட்டுகிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அங்குள்ள அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் வகுத்தவர். அவர் வீட்டுச் சமையலறையில் இஞ்சி என்னும் சொல் நாள்தோறும் ஒலித்திருக்கும். 1952-இல் ஆலன் ராஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இந்த ஒரு சொல்லின் வரலாற்றை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒரு நூலே எழுதினார். ஆக்ஸ்போர்டில் வடமொழிப் பேராசிரியராக இருந்த பர்ரோவும், நீலகிரியில் தோடர்களிடையே தங்கி அவர்கள் மொழியை ஆராய்ந்த எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியிலும் இஞ்சிக்கு நேரே இவ்வடசொல்லும் பாலிச் சொல்லும் குறிக்கப்பட்டுள்ளன. வடமொழியையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பதை ஆசிரியைக்குச் சொல்லலாம் என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

பொருள் விளங்காத வேற்றுச் சொல்லைக் கேட்கும் மக்கள், தமக்குத் தெரிந்த ஒரு சொல்லை அதற்குள் நுழைத்துப் பொருள் கண்டுகொள்வது எல்லா நாட்டிலும் உண்டு. ஆங்கிலேயரும் இதே இஞ்சியில் இதே வேலையைச் செய்திருக்கின்றனர். ‘ஜிஞ்சர்பிரெட்’ என்று ஒரு பண்டம் அவர்களிடம் உண்டு. பெயரில் ரொட்டி இருக்கிறது. ஆனால் பழைய பிரெஞ்சில் அது ‘ஜிஞ்ஜம்பிராஸ்’. பாகிலிட்ட இஞ்சி என்பதே அதன் பொருள். வாலில் இருந்த ‘பிராஸ்’ ஆங்கிலேயர் காதில் ‘பிரெட்’ என்று விழுந்தது. அதன்பின் மாவு சேர்த்த பண்டத்தையே அப்பெயரால் அழைக்கத் தொடங்கினர். பெயரில் ஏற்பட்ட பிழை அடுப்பங்கரை வரை சென்றுவிட்டது! மிக மெதுவாக, அஞ்சி அஞ்சி ஒன்றைச் செய்வதை ‘ஜிஞ்சர்லி’ என்பார்களே, அதற்கும் இஞ்சிக்கும் எவ்வித உறவும் இல்லை. அது மென்மை குறித்த வேறொரு பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது என்பர்.

இராமாயணத்தில் குகன் ஆண்ட ஊரின் பெயரும் இங்கே நினைவுக்கு வருகிறது. பிரயாகைக்கு அருகில் கங்கைக் கரையில் உள்ள அவ்வூர் வடமொழியில் சிருங்கவேரபுரம். கம்பர் அதனைச் சிருங்கிபேரம் என்கிறார். அவ்வூரார் சிருங்கி முனிவரின் பெயரால் அமைந்தது என்பர். சொல்லளவில் பார்த்தால் அது இஞ்சிப்பட்டணம். இராமன் ஓடம் ஏறிய துறையில் நம் அடுக்களைச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணுகையில் ஒரு மகிழ்ச்சி, அவ்வளவே.

இனி நம் வழக்குக்கு உள்ள பெரிய தடையைக் கூற வேண்டும். ‘சிங்கிவேர’ என்பதில் ‘வேர’ நம் வேர் என்பது எளிதில் தெரிகிறது. ஆனால் முன்பகுதியில் நம்மிடம் இருப்பது இஞ்சி. பாலியில் இருப்பது ‘சிங்கி’. தொடக்கத்துச் சகரம் எங்கிருந்து வந்தது? இஞ்சிவேர் என்பதை வடநாட்டார் கடன் வாங்கியிருந்தால் இல்லாத சகரத்தை ஏன் சேர்க்க வேண்டும்? என் மகளே இக்கேள்வியைக் கேட்டாள். அகராதிகள், பழந்தமிழுக்கும் முந்திய காலத்தில் இஞ்சிக்கு முன் ஒரு சகரம் இருந்தது, பின்னர் தமிழில் உதிர்ந்தது என்று விடை தருகின்றன. அதற்குச் சான்று என்ன என்று அவள் விடவில்லை. புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒப்புக்கொள்வதில்லை.

சான்று எனக்குப் பார்சல் ஆபீசிலேயே கிடைத்தது.

எங்கள் மேடையில் சுமை தூக்குவோருள் ஒருவர் சிந்துவாடாப் பக்கத்திலிருந்து வந்த கோண்டு வகுப்பினர். ஐம்பது வயதிருக்கும். எங்களோடு இந்தியில் பேசுவார். மூட்டைகளை எண்ணும்போது மட்டும் தம் தாய்மொழியில் முணுமுணுப்பார். பல ஆண்டுகளாக என் காதில் விழுந்துகொண்டே இருந்த அந்த எண்ணிக்கையை நான் ஒருநாளும் உற்றுக் கேட்டதில்லை. சாதாராவிலிருந்து இஞ்சி மூட்டைகள் வந்திருந்த ஒரு காலையில்தான் கேட்டேன். “உண்டி, ரண்ட், மூண்ட், நாலூங், சையூங், சாரூங், ஏரூங்.” என் கையிலிருந்த எழுதுகோல் நின்றது. இன்னொருமுறை சொல்லும்படி வேண்டினேன். எண்ணிக்கை குறைகிறதோ என்று அஞ்சி, “சரியாகத்தான் இருக்கிறது பாபுஜி” என்று சொல்லி மறுபடியும் எண்ணினார்.

மூண்ட் நம் மூன்று. நாலூங் நம் நாலு. ஏரூங் நம் ஏழு. இடையே இருக்கும் சையூங் ஐந்து, சாரூங் ஆறு. நாம் ‘ஐ’ என்று தொடங்கும் இடத்தில் அவர் ‘சை’ என்கிறார். நாம் ‘ஆ’ என்னும் இடத்தில் ‘சா’ என்கிறார். தமிழ் இழந்த சகரத்தைக் கோண்டி மொழி இன்றுவரை காத்து வைத்திருக்கிறது! கோண்டி நம் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததென்று நூல்களில் படித்ததுண்டு. இந்த நாகபுரி நகரத்தையே 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தவன் பக்த புலந்த் என்னும் கோண்டு மன்னன் என்பதும் தெரியும். எனினும், உறவினர் மொழி பேசுவோர் ஊரில் இருந்துகொண்டே, சொந்த ஊரை விட்டு அயலாரிடையே வந்து கிடக்கிறோம் என்று நான் இத்தனை ஆண்டுகள் ஏங்கியிருக்கிறேன்.

இந்தச் சகரக்கேட்டைப் பற்றிப் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி என்னும் ஆந்திர அறிஞர் 2003-இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய பெருநூலில் எழுதியுள்ளார். தென் திராவிட மொழிகளில் பல சொற்களின் தொடக்கத்துச் சகரம் உதிர்ந்துபோயிற்று. சில சொற்களில் மட்டும் முழுதும் உதிராமல் இரு வடிவமும் நிலைத்தன. நம்மிடமே பாருங்கள்: சிறகு என்றும் சொல்கிறோம், இறகு என்றும் சொல்கிறோம். சிப்பி உண்டு, இப்பி என்பதும் அகராதியில் உண்டு. இவ்வரிசையில் நின்றதுதான் ‘சிங்கி’ என்ற பழைய வடிவம். சகரம் உதிர்வதற்கு முன்பே அது வேரோடு சேர்ந்து ‘சிங்கிவேர்’ என்று வடக்கே போய்விட்டது. இங்கே தங்கிவிட்ட சொல் முதலெழுத்தை இழந்தது; ‘ங்க’ என்னும் ஒலியும் பின்வரும் இகரத்தின் சார்பால் ‘ஞ்ச’ என்று நெகிழ்ந்தது. வெளியூர் சென்றவன் பழைய பெயரோடு இருக்க, வீட்டில் இருந்தவன் மாறிப்போனான்.

ஆகவே ஆங்கில ‘ஜிஞ்சர்’ என்பதில் கடைசியாக ஒலிக்கும் ‘அர்’ இருக்கிறதே, அது ‘வேர்’ தேய்ந்த மிச்சம். வகரம் பிரெஞ்சு வரை உயிரோடு இருந்தது, இங்கிலாந்தில் உதிர்ந்தது. மண்ணுக்கடியில் கிடக்கும் அப்பகுதியைத் தாவரநூலார் வேர் என்று ஒப்புவதில்லை, அது தண்டின் ஒரு வகை என்பர் என்பது வேறு கதை. உழவன் பறிக்கும்போது மண்ணுக்குள் இருப்பது வேர்தான்.

இவ்வளவு தெரிந்ததும் எனக்குப் பெருமை தலைக்கேறியது என்பதை மறைப்பானேன்? இஞ்சி முழுக்க முழுக்க நம்முடையது என்று மகளிடம் சொல்லப் புகுந்தேன். அதற்கும் ஒரு தடை இருந்தது. இஞ்சி எங்கும் காட்டில் தானே விளையும் நிலையில் காணப்படாத பயிர். அதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். தாய்லாந்தில் அதற்குக் ‘கிங்’ என்று பெயர். பர்மாவில் ‘ஜின்’, ரங்கூனிலிருந்து திரும்பிய குடும்பத்தார் நம் சங்கத்தில் இருந்தால் அறிவர். சீனத்தில் ‘ஜியாங்’. ‘சிங்கி’ என்னும் முன்பகுதியே, செடியோடு சேர்ந்து கிழக்குக் கடல் வழியாக நம்மிடம் வந்த விருந்தாளியாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுகின்றனர். ஆயின் ‘வேர்’ நம்முடையது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கிலும் அது உறுதியாக ஊன்றி நிற்கிறது. பட்டினப்பாலை சோழ நாட்டுத் தோட்டங்களைக் கூறுமிடத்தில் இஞ்சியையும் கூறுகிறது. அக்காலத்திலேயே அது நம் மண்ணில் பழகிவிட்ட பயிர்.

நாங்கள் எழுதும் வே பில்லில் புறப்பட்ட நிலையம் என்று ஒரு கட்டம் உண்டு. மூட்டை எங்கே வண்டியில் ஏறியதோ அந்த நிலையத்தின் பெயரை அதில் எழுதுவோம். அந்நிலையத்திற்கு அது எந்த ஊரிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது என்பது எங்கள் தாளில் இராது. ஜிஞ்சருக்குரிய வே பில்லில் புறப்பட்ட நிலையம் தென்னாடு. இதற்கு மேல் எழுதினால் கள்ளக்கணக்கு. இதற்குக் குறைத்து எழுதினாலும் கள்ளக்கணக்கே.

வேறு சில செடிப் பெயர்களையும் இதே கண்ணோடு பார்த்தேன். ‘மாங்கோ’ என்பது மாங்காய் என்பதைப் போர்த்துக்கீசியர் எடுத்துச் சென்றதால் வந்தது. ‘டீக்’ தேக்கு. ‘பீட்டல்’ மலையாளத்து வெற்றில. ‘வெட்டிவர்’ என்பதில் நம் வெட்டிவேர் அப்படியே இருக்கிறது. இவற்றில் ஐயமில்லை. ‘ரைஸ்’ என்பது அரிசியே என்று நாம் அடித்துச் சொல்கிறோம். அதைப் பற்றி அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை, கிழக்கு ஈரானிய மொழிகளின் வழியாகவே கிரேக்கத்திற்குச் சென்றது என்பார் பலர். பாதிக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள் தமிழ் என்பதற்கு எந்த நூலிலும் எனக்கு ஆதாரம் கிட்டவில்லை. மேடையில் பேசிய பெரியவரிடம் எனக்கு மதிப்புக் குறையவில்லை. ஆனால் அவருடைய பேச்சைக் கேட்டுப் பள்ளிக்குச் சென்ற குழந்தை ஒன்று, மெய்யான ஒரு செய்தியைச் சொல்லியும் பொய்யன் வீட்டுப் பிள்ளைபோல நின்றதே, அது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டு மேடையில் பேசுவோரிடம் நம் செயலாளர் ஐந்தே சொற்களுக்கு ஆதாரம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் நன்றாயிருக்கும்.

என் மகள் இவற்றையெல்லாம் தன் நோட்டில் ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதிக்கொண்டாள். ஞாயிறன்று என்னோடு பார்சல் ஆபீசுக்கு வந்து, அந்தக் கோண்டுப் பெரியவரிடம் ஒன்று முதல் ஏழு வரை தானே கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல, இவள் தமிழில் திருப்பிச் சொன்னாள். மூன்று வந்ததும் அவர் சிரித்துவிட்டார். “இந்தப் பெண் எந்த ஊர்?” என்று என்னைக் கேட்டார்.

திங்களன்று ஆசிரியை அப்பக்கத்தை வகுப்பில் படிக்கச் செய்தார். ஆசிரியைக்குப் பெருந்தன்மை உண்டு. தம் அகராதி இதில் பாதி வழியில் நின்றுவிட்டது என்று மாணவியரிடமே கூறினாராம். முன்பு மதராசிகளைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண், அப்படியானால் எங்கள் ‘ஆலே’ எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் விடை தேடிக் கொடுத்தோம். இந்தியின் ‘அத்ரக்’, மராத்தியின் ‘ஆலே’, தெலுங்கின் ‘அல்லம்’ மூன்றும் ‘ஆர்த்ரகம்’ என்னும் வடசொல்லின் பிள்ளைகள். ஈரமானது என்பது பொருள். பச்சை இஞ்சியைக் குறிக்கும் பெயர் அது. அப்போதுதான் நம் வீட்டுச் சுக்கையும் பார்க்க நேர்ந்தது. பேரகராதி அதனை உலர்ந்தது என்று பொருள்படும் ‘சுஷ்க’ என்னும் வடசொல்லோடு சேர்த்துக் காட்டுகிறது.

அன்றிரவு அவளுக்குச் சற்றே இருமல். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்று சொல்லிக்கொண்டே என் மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மகள் குவளையை வாங்கி முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். “ஈரமாக இருந்தால் தமிழ்ப் பெயர், காய்ந்து போனால் வடநாட்டுப் பெயரா அம்மா? இது எந்த ஊர்க் கஷாயம்?” என்றாள்.

“ஆறுவதற்குள் குடி” என்றாள் அவள் தாய்.

வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தமிழ் வகுப்புக்குச் சென்றாள்.